நாட்டுப்படகில் கார் டீசல் எஞ்சின் பொருத்தலாமா?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். பாம்பனில் அப்பா பெயரில் 30 அடி மர நாட்டுப்படகு இருக்கிறது. அதிலுள்ள 20 எச்.பி. இரட்டை சிலிண்டர் எஞ்சின் தேய்ந்துபோய்ப் புகை தள்ளுகிறது, நடுக்கடலில் நிற்கிறது. சொந்தக்காரர் ஒருவர் இண்டிகா காரின் 1.4 டீசல் எஞ்சினை கியர்பாக்ஸோடு சேர்த்து 20,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். அதை அப்படியே இறக்கிவிடலாமா, வேகம் இரண்டு மடங்காகுமா, ரேடியேட்டருக்குப் பதில் என்ன வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கார் டீசல் எஞ்சினைப் படகில் வைக்கலாம், நன்றாகவே ஓடும். நானே பதினொரு படகுகளுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த எஞ்சினை, அந்த கியர்பாக்ஸோடு வாங்க வேண்டாம். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். நாளை வேறு எஞ்சின் கிடைத்தாலும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வேகம். உங்கள் படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகு, ஸ்பீடுபோட்டைப் போலத் தண்ணீர் மேல் ஏறி ஓடுகிறது இல்லை. இந்த மாதிரிப் படகின் வேக எல்லையை அதன் நீளமே முடிவு செய்துவிடுகிறது. தண்ணீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற கணக்கில், எல்லை வேகம் வரும். உங்கள் படகு தண்ணீர்மட்டத்தில் 27 அடி இருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 7 நாட். அதற்கு மேல் எவ்வளவு எச்.பி. கொடுத்தாலும் படகு தன்னுடைய அலையையே ஏற முயன்று பின்பக்கம் அமுங்கும், டீசல் எரியும், அவ்வளவுதான். வலை, ஐஸ், ஆட்களோடு மூன்றரை டன் என்றாலும் அமைதியான கடலில் 6 நாட்டுக்கு 12 முதல் 15 எச்.பி. போதும். எதிர்க்காற்று, வலை இழுவை, அவசரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 எச்.பி. கையில் இருந்தால் நிறைவு. வேகம் இரண்டு மடங்காகாது. ஆனால் வாடைக் காற்றுக்கு எதிரே கரை திரும்பும்போது இப்போது 3 நாட்டில் திணறுகிற படகு 5 நாட்டில் வரும். மாற்றுவதால் கிடைக்கிற உண்மையான லாபம் அதுதான்.

அப்படியானால் 53 எச்.பி. இண்டிகா எஞ்சின் தாராளமாகப் போதுமே என்று நினைப்பீர்கள். இங்கேதான் கார் எஞ்சினைப் பற்றி ஒரு விஷயம் புரிய வேண்டும். காரில் எழுதியிருக்கிற எச்.பி. முந்திச் செல்லும்போதும் மேட்டில் ஏறும்போதும் சில விநாடிகளுக்கு எடுப்பதற்கானது. சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்கு 15 எச்.பி.கூடத் தேவைப்படாது. இறக்கத்தில் எஞ்சின் ஓய்வெடுக்கும், சிக்னலில் ஆறும். கடலில் இறக்கம் கிடையாது. கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து வலை போடும் இடம் வரை இரண்டு மணி நேரம் ஒரே சுமை, ஒரே சுற்று. (சுற்று என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு.)

மணிக் கணக்கும் பாருங்கள். வருடத்தில் 200 நாள், நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 1,600 மணி நேரம். காருக்குச் சராசரி வேகம் 50 கிலோமீட்டர் என்று வைத்தால் அது 80,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம், அதுவும் முழுக்க மேடு ஏறுகிற ஓட்டம். அதனால் என் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: காரில் எழுதிய எச்.பி.யில் பாதிக்கு மேல் படகில் எடுக்காதே, காரில் எழுதிய உச்சச் சுற்றில் அறுபது சதவீதத்தைத் தாண்டாதே. இண்டிகாவின் 1,405 சிசி எஞ்சினில் 30 எச்.பி. எடுக்க 3,000 சுற்றில் ஏறக்குறைய முழுச் சுமையில் ஓட்ட வேண்டும். ஒரு வருடம் தாங்கினால் பெரிது. அதன் டைமிங் ரப்பர் பெல்ட்டும் எனக்குப் பிடிக்காத விஷயம். காரில் கிலோமீட்டர் பார்த்து மாற்றுவோம். படகில் உப்புத்தண்ணீர் தெறிக்கிற இடத்தில், எண்ணெய் படிந்து, யாரும் கவரைத் திறந்து பார்க்காமல் இருந்து, ஒருநாள் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். கடலில் அதற்கு வைத்தியம் இல்லை.

நான் உங்களுக்குச் சொல்வது பழைய மகிந்திரா ஜீப், பொலேரோ வகை வண்டிகளில் வந்த எக்ஸ்.டி.3.பி. எஞ்சின். பியூஜோ வடிவமைத்து மகிந்திரா இங்கே செய்தது. 2,498 சிசி, 70 எச்.பி.க்குச் சற்று மேல். ரப்பர் டைமிங் பெல்ட் கிடையாது. எலக்ட்ரானிக் பெட்டி எதுவும் இல்லை, டீசல் பம்பு முழுக்க மெக்கானிக்கல். இதே குடும்பத்தின் மூத்த எஞ்சினான 2,112 சிசி எக்ஸ்.டி.பி.யை வால்வோ பென்டா நிறுவனம் படகுக்கு ஏற்றபடி மாற்றி எம்.டி.21 என்ற பெயரில் விற்றது. ஐரோப்பாவில் பல படகுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது, இந்தக் குடும்பம் கடலில் தேறிய குடும்பம். 2,400 சுற்றில் 30 எச்.பி. எடுத்தால் அதற்கு அது பாதிச் சுமைக்குக் கொஞ்சம் மேலே, மூச்சு வாங்காது.

இது கிடைக்காவிட்டால் பழைய டெம்போ டிராவலரில் வந்த மெர்சிடிஸ் ஓ.எம்.616 நல்ல தேர்வு. இரும்புக்கட்டை மாதிரி எஞ்சின், டைமிங் செயின். அம்பாசடரின் 1.5 டீசலைப் பற்றிப் பெரியவர்கள் யாராவது சொன்னால் அதிலும் உண்மை இருக்கிறது. அது பிரிட்டனின் பி.எம்.சி. எஞ்சின். அங்கே அதே எஞ்சினைக் கால்வாய்ப் படகுகளுக்கு வைத்து இன்றும் ஓட்டுகிறார்கள். ஆனால் 37 எச்.பி. எஞ்சின், என் கணக்குப்படி 18 தான் எடுக்க முடியும். உங்கள் படகுக்குச் சின்னது. காமன் ரெயில் எஞ்சின்கள், அதாவது ஸ்விஃப்ட் டீசல் முதலான புது வகை எதையும் தொடாதீர்கள். சென்சாரில் ஒரு துளி உப்புத்தண்ணீர் போதும், எஞ்சின் படுத்துவிடும்.

வாங்குவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், வாங்காமல் வந்துவிடுங்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற பில் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கார் எஞ்சினைப் படகில் சாகடிப்பதில் முதலிடம் இதற்குத்தான்.

கடல்தண்ணீரை நேராக எஞ்சினுக்குள் விடுவது ஒரு வழி. செலவு குறைவு என்று இன்னும் சிலர் செய்கிறார்கள். வேண்டாம். இரும்பு பிளாக் உள்ளேயே அரித்துப்போகும். கடல்தண்ணீர் சூடானால் உப்பு பாறைபோல் படிகிறது. அதைத் தவிர்க்க எஞ்சினைக் குளிர்ச்சியாகவே ஓட்ட வேண்டியிருக்கும், குளிர்ந்த டீசல் எஞ்சின் சீக்கிரம் தேயும். இரண்டாவது வழி ஹீட் எக்ஸ்சேஞ்சர். எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றும், கடல்தண்ணீரை ஒரு ரப்பர் இம்பெல்லர் பம்பு உறிஞ்சி அதைக் குளிரவைத்து வெளியே தள்ளும். உலகம் முழுக்க இதைத்தான் அதிகம் வைக்கிறார்கள். ஆனால் நம் வடகடலில், பாக் விரிகுடாவில், எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஆழம் குறைந்த கடல், அடியெல்லாம் கடல்புல். வாடையில் அறுந்த புல் கொத்துக்கொத்தாக மிதக்கும். சொறி, அதாவது ஜெல்லி மீன், வருகிற நாளில் உறிஞ்சுகிற வாயில் ஒன்று ஒட்டிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் ரப்பர் இம்பெல்லர் வறண்டு கிழிந்துவிடும். கிழிந்த துண்டுகள் எக்ஸ்சேஞ்சர் குழாயில் போய் அடைக்கும்.

அதனால் உங்கள் படகுக்கு மூன்றாவது வழிதான் சரி: ஏராவுக்கு, அதாவது படகின் அடிநடுவில் நீளமாக ஓடும் கட்டைக்கு, இருபுறமும் படகின் அடியில் குழாய் ஓடவிடுவது. எஞ்சினின் சொந்தத் தண்ணீர் பம்பே நல்ல தண்ணீரைக் குழாய் வழியாகச் சுற்றிவிடும், வெளியே ஓடுகிற கடல் அதைக் குளிரவைக்கும். கடல்தண்ணீர் படகுக்குள் வருவதே இல்லை. அடைபட எதுவும் இல்லை.

எவ்வளவு நீளம் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். 30 எச்.பி. என்றால் சுமார் 22 கிலோவாட். இந்த வகை எஞ்சின் ஏறத்தாழ அதே அளவு, சற்றுக் கூடுதலாகவே, வெப்பத்தைத் தண்ணீரில் விடும். 25 கிலோவாட் என்று வையுங்கள். உள்ளே 75 டிகிரி, நம் கடல் 30 டிகிரி, வித்தியாசம் 45. இதற்குப் படகு ஓடும்போது சுமார் 0.8 சதுர மீட்டர் குழாய்ப் பரப்பு வேண்டும். பாசி படிவதற்கு இடம் விட்டு ஒரு சதுர மீட்டருக்கு மேல் வைக்கிறேன். ஒன்றரை அங்குலக் குழாய் என்றால் 8 மீட்டர். பக்கத்துக்கு 4 மீட்டர் போதும், நான் நாலரை வைப்பேன். குளிர்க்கடல் நாடுகளுக்கு எழுதிய அளவுகளைப் பார்த்துக் குழாயைக் குறைத்துவிடாதீர்கள். அங்கே கடல் 10 டிகிரி, இங்கே 30.

குழாய் செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கலாக இருந்தால் ஆயுசுக்கும் வரும், சிப்பியும் அதில் எளிதில் ஒட்டாது. காசு போதாவிட்டால் ஜி.ஐ. குழாய் போடலாம், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றத் தயாராக இருங்கள். ஒட்டுகிற சிப்பியைக் கரையேற்றும்போதெல்லாம் சுரண்டவும் வேண்டும், இல்லாவிட்டால் அது குழாய்க்குக் கம்பளி போர்த்தியது மாதிரி. குழாய்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். செம்புக் குழாயும் இரும்பு போல்ட்டும் கடல்தண்ணீரில் நேராகத் தொட்டால் இரும்பு கரைந்துபோகும், இடையே ரப்பர் அல்லது நைலான் கொடுங்கள். பக்கத்தில், மற்ற உலோகத்துக்குப் பதில் தான் கரைந்துபோகிற ஒரு துத்தநாகக் கட்டையும் வேண்டும். படகு மணலில் தட்டும் என்பதால் குழாய் ஏராவின் அடிமட்டத்தை விட மூன்று அங்குலமாவது மேலே, ஏராவை ஒட்டியே இருக்கட்டும். முன்முனையில் ஒரு மரக்கட்டையைச் சரிவாகச் சீவி வைத்தால் வலைக்கயிறு மாட்டாமல் வழுக்கிப் போய்விடும்.

காற்று பிடிப்பதைப் பற்றி ஒன்று. இந்தக் குழாயில் எங்காவது காற்றுக்குமிழி தங்கினால் தண்ணீர் சுற்றாது. எஞ்சினை விட உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, எல்லா மேட்டுப் புள்ளிகளிலும் காற்று திறக்கும் திருகு. முதல்முறை நிரப்பும்போது அவசரப்படக் கூடாது. நான் செய்த ஒரு படகில் எல்லாம் சரியாக இருந்தும் அரை மணி நேரத்தில் சூடு ஏறியது. குழாய் ஒரு பக்கம் கைவைக்க முடியாத சூடு, மறுபக்கம் சில்லென்று இருந்தது. தலைப்பக்கம் படகு சற்றுத் தூக்கலாக நின்றதால் முன்முனையில் காற்று அடைத்திருந்தது. அணியத்துப் பக்கம், அதாவது அந்த முன்முனையில், ஒரு சின்னத் திருகு வைத்துக் காற்றை விட்டதும் சரியாகிவிட்டது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், அது இருக்கட்டும். வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், துரு பிடிக்காது. நீண்ட நேரச் சுமையில் ஆயிலும் சூடாகும், அதற்கும் ஒரு சின்ன ஆயில் கூலரை இதே சுற்றில் சேர்த்துவிடுங்கள்.

சரி, கியர்பாக்ஸ். உங்கள் சொந்தக்காரர் தருகிற இண்டிகா கியர்பாக்ஸ் முன்சக்கர வண்டிக்கானது. எஞ்சின் குறுக்காக நிற்கும், கியர்பாக்ஸுக்குள்ளேயே டிஃபரன்ஷியல் இருக்கிறது, இரண்டு பக்கமும் அச்சு வெளியே வரும். பின்னால் நேராக ஷாஃப்ட் கொண்டுபோக அதில் வழியே இல்லை. ஜீப் கியர்பாக்ஸ் நேரானது. அதையே வைத்து டாப் கியரில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இரண்டு பெரிய குறை.

முதல் குறை தள்ளுவிசை. புரொப்பெல்லர் படகைத் தள்ள வேண்டுமானால் அந்த விசை ஷாஃப்ட் வழியாகத்தான் படகுக்கு வர வேண்டும். 30 எச்.பி.யில் அது 300 கிலோவுக்குப் பக்கம். காரில் கியர்பாக்ஸின் பின்ஷாஃப்டை யாரும் நேராகத் தள்ளுவதில்லை, அது திருக மட்டுமே செய்தது. அந்த பேரிங் இந்தத் தள்ளலுக்குச் செய்ததல்ல. அதனால் கார் கியர்பாக்ஸ் வைத்தால் பின்னால் தனியாக ஒரு திரஸ்ட் பேரிங்கைப் பலமான கட்டையில் போல்ட் செய்து, தள்ளுவிசையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது குறை சுற்று. டாப் கியரில் எஞ்சின் 2,400 சுற்றினால் புரொப்பெல்லரும் 2,400 சுற்றும். அந்தச் சுற்றில் 30 எச்.பி.க்கு 12 அங்குலப் புரொப்பெல்லர்தான் சுழற்ற முடியும். சின்னப் புரொப்பெல்லர் வேகமாகச் சுற்றினால் தண்ணீரைக் கலக்கிக் குமிழி விடுமே தவிர, பாரமான படகைத் தள்ளாது. அதே 30 எச்.பி.யை இரண்டரைக்கு ஒன்று என்று குறைத்து 960 சுற்றில் கொடுத்தால் 20 அங்குலப் புரொப்பெல்லரைச் சுழற்றலாம். பெரிய விட்டம், மெதுவான சுற்று. வலை இழுக்கிற படகுக்கு வித்தியாசம் முதல் ஐந்து நிமிடத்தில் கையில் தெரியும்.

ஆகவே ஒரு மரைன் கியர்பாக்ஸ் வாங்குங்கள். நம் கடற்கரையில் எளிதில் கிடைப்பது சீனாவின் ஹாங்சோ அட்வான்ஸ். அதில் கார் எஞ்சினின் சுற்றுக்கும் 30 எச்.பி.க்கும் பொருந்துகிற மாடலைக் கேளுங்கள். இரண்டரைக்கு ஒன்றுக்குப் பக்கமான விகிதத்தை எடுங்கள். முன், நியூட்ரல், பின் மூன்றும் ஒரே லீவரில். தள்ளுவிசை தாங்கும் பேரிங் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் பட்ஜெட்டில் எஞ்சினை விட இது விலை கூடியது. இந்த வேலையில் எஞ்சின்தான் மலிவான சாமான். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், புரொப்பெல்லர், குழாய், லேத் வேலை எல்லாம் சேர்ந்தால் எஞ்சினுக்குக் கொடுத்ததைப் போல நான்கைந்து மடங்கு ஆகும். இதை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதியில் பணம் முடிந்து அரைகுறையாகக் கடலில் இறக்குவதுதான் ஆபத்து.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்க லேத்தில் ஒரு அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். ஃப்ளைவீலில் காரின் கிளட்ச் பிளேட்டில் இருப்பதுபோல ஸ்பிரிங் வைத்த டேம்பர் பிளேட் கட்டாயம். இல்லாமல் இறுக்கிப் பிணைத்தால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடவென்று அடிக்கும், சில மாதத்தில் பல் உதிரும். பிளேட் மையம் சரியா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. டயல் கேஜின் காந்தக் காலை ஃப்ளைவீலில் ஒட்டி, முள்ளை அடாப்டரின் துளை விளிம்பில் வைத்து, கையால் எஞ்சினை ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்புவேன். முள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அசைந்தால் போல்ட்டைத் தளர்த்தி, சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுபடி முதலிலிருந்து. ஒரு பகல் முழுக்க இதற்கே போன நாள் உண்டு.

புரொப்பெல்லருக்கு 20 அங்குல விட்டம், 14 அங்குலப் பிட்ச் என்று தொடங்குங்கள். பிட்ச் 14 என்றால் ஒரு சுற்றுக்கு 14 அங்குலம் முன்னேற வேண்டியது. 960 சுற்றில் அது 11 நாட் ஆகிறது. நடப்பில் தண்ணீர் வழுக்கும், 7 நாட்தான் வரும். நாற்பது சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வழுக்கல், இப்படிப்பட்ட படகுக்கு அது சரியான அளவு. கடைசித் தீர்ப்பு கடலில்தான். படகை முழுச் சுமையோடு ஓட்டி முழு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். கறுப்புப் புகை விட்டு 2,000 சுற்றிலேயே நின்றால் பிட்ச் அதிகம், பட்டறையில் ஒரு அங்குலம் குறைத்து அடிக்கச் சொல்லுங்கள். 2,400 சுற்றை எளிதாகத் தொட்டுப் புகை கறுக்காமல் இருந்தால் சரி. கறுப்புப் புகையோடு பழகிவிடாதீர்கள், வால்வையும் பிஸ்டனையும் தின்றுவிடும். எதற்கும் டீசல் பம்புக் கடையில் 2,500 சுற்றுக்கு மேல் போகாதபடி திருகை அமைத்துச் சீல் வைத்துவிடுங்கள். அங்கேயே கவர்னரையும் பார்க்கச் சொல்லுங்கள். அலை தூக்கிப் புரொப்பெல்லர் காற்றில் சுற்றும்போது எஞ்சின் எகிறாமல் எல்லாச் சுற்றிலும் பிடித்து நிறுத்துகிற வகை வேண்டும்.

இப்போது ஒரு சின்ன வயரைப் பற்றி. கார் டீசல் பம்பில் ஒரு சொலினாய்டு இருக்கும். சாவி போட்டால் 12 வோல்ட் வந்து டீசல் வழியைத் திறக்கும், சாவி எடுத்தால் மூடும். காரில் சாவியால் எஞ்சினை நிறுத்துவது இதனால்தான். நான் இரண்டாவதாக மாற்றிய படகில் இதை அப்படியே விட்டிருந்தேன். நான்கு பேர் கரையிலிருந்து ஒன்பது மைல் தள்ளி கடலிலிருந்து வலையை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தபோது எஞ்சின் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றுவிட்டது. டீசல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, காரணம் தெரியவில்லை. காற்று ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படகு இழுத்து வந்து கரை சேர்த்தது. மறுநாள் பார்த்தால் அந்த சொலினாய்டு முனையில் பச்சைப் பொடி பூத்து வயர் உதிர்ந்திருந்தது. அரைக்கால் அங்குல வயர். அன்றிலிருந்து எந்த எஞ்சினாக இருந்தாலும் முதல் வேலை அதுதான்: சொலினாய்டைக் கழற்றி உள்ளே இருக்கிற ஊசியை எடுத்துவிட்டு, உடலை மட்டும் திரும்ப முறுக்கி, நிறுத்துவதற்குப் பம்பின் ஸ்டாப் லீவரில் ஒரு இழுவைக் கேபிள். ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் பேட்டரியைக் கழற்றிக் கடலில் போட்டாலும் எஞ்சின் ஓட வேண்டும். உங்கள் மெக்கானிக் என்ன சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழைய எஞ்சினை நீங்கள் கைப்பிடி போட்டுச் சுற்றியே ஸ்டார்ட் செய்திருப்பீர்கள். நான்கு சிலிண்டர் கார் டீசலைக் கையால் சுற்ற முடியாது. அதனால் இரண்டு பேட்டரி வேண்டும். ஒன்று ஸ்டார்ட்டுக்கு மட்டும், இன்னொன்று விளக்கு, ஜி.பி.எஸ்., ஒயர்லெஸ்ஸுக்கு. இரண்டும் எஞ்சின் அடித்தட்டை விட உயரத்தில், மூடி போட்ட பெட்டியில்.

புகைக்குழாய் சுலபம். படகின் அடியில் குழாய் ஓடவிடும் முறையில் கடல்தண்ணீர் பம்பு இல்லாததால் நேராக மேலே தூக்கிவிடலாம், நம் படகுகளில் வழக்கமும் அதுதான். ஆனால் தொடர்ச்சியான சுமையில் மேனிஃபோல்டு சிவக்கும் அளவுக்குச் சூடாகும். மரத்திலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளி, கண்ணாடி இழைத் துணி சுற்றி, வளையும் பெல்லோஸ் ஒன்று நடுவில் வையுங்கள். மழையும் அலையும் உள்ளே போகாமல் மேலே வளைத்து மூடி போடுங்கள். எஞ்சின் பெட்டியை இறுக்கமாக மூடாதீர்கள். இந்த எஞ்சின் 2,400 சுற்றில் நிமிடத்துக்கு மூன்று கன மீட்டர் காற்றைக் குடிக்கும், முன்னும் பின்னும் நல்ல வழி வேண்டும்.

எஞ்சின் கட்டை. காரின் ரப்பர் மவுண்டுகளைப் பயன்படுத்தாதீர்கள், அவை முன்தள்ளலைத் தாங்காது. குறைந்தது நான்கைந்து வங்கு (படகின் விலா எலும்பு போன்ற குறுக்குக் கட்டை) மேல் உட்காரும்படி நீளமான இரண்டு கட்டைகளை ஓடாவியை, அதாவது படகு கட்டும் தச்சரை, வைத்துப் போடுங்கள். கட்டை போடும்போது சம்பின், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியின், ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், கார் சம்ப் வங்கில் இடிக்கும். எஞ்சினின் சாய்வு பத்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி உறிஞ்சி காற்றைக் குடிக்கும். சம்ப் வெறும் தகடு. அடியில் தேங்குகிற உப்புத்தண்ணீர் பட்டு ஒரே வருடத்தில் ஓட்டை விழும், பொருத்துமுன்பே எபாக்ஸி இரண்டு கோட் அடியுங்கள். ஷாஃப்ட் இணைப்பின் நேரைக் கரையில் வைத்துப் பார்த்தது போதாது. மரப்படகு தண்ணீரில் இறங்கி இரண்டு நாள் ஊறியதும் அதன் உருவமே கொஞ்சம் மாறும். அதன்பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஷாஃப்டும் கியர்பாக்ஸும் சேரும் இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவில் மேல், கீழ், இடம், வலம் நான்கு பக்கமும் நுழைத்துப் பாருங்கள். நான்கு அங்குல ஃபிளாஞ்சில் 0.1 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். ஷாஃப்ட் மேல் ஒரு பலகை மூடி கண்டிப்பாக. கைலி சுற்றிக்கொண்டால் இழுத்துப் பிடிக்க நேரம் கிடைக்காது.

டீசலில் தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டரைப் போடுங்கள். இந்த வகைப் பம்புக்கு டீசலேதான் எண்ணெய், தண்ணீர் போனால் பம்பு போச்சு. செலவு 6 நாட்டில் மணிக்கு மூன்று நான்கு லிட்டர், முழு 30 எச்.பி.யில் ஆறு ஏழு லிட்டர் என்று எதிர்பாருங்கள். 6 நாட்டிலிருந்து 7க்கு ஏறும் அந்தக் கடைசி ஒரு நாட் ஏறக்குறைய இரட்டிப்பு டீசல் கேட்கும். ஆயிலை 150 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிலோமீட்டர் மீட்டர் இல்லை என்பதால் ஒரு மணி மீட்டர் வாங்கி மாட்டிவிடுங்கள்.

அரசு விஷயத்தில் ஒன்றுதான். வேலையைத் தொடங்குமுன் மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 உங்கள் படகுக்குப் பொருந்தும். எஞ்சின் எண்ணும் எச்.பி.யும் மாறினால் அதையும் பதிவில் மாற்றிக்கொள்ள வேண்டும். டீசல் சலுகையும் இன்சூரன்ஸும் அந்தத் தாளைத்தான் பார்க்கும். எச்.பி.யை எழுதும்போது பம்பில் சீல் வைத்த அளவைக் குறிப்பிட முடியுமா என்றும் விசாரியுங்கள். கூடவே, மானியத்தில் புது மரைன் எஞ்சின் கிடைக்கிற வாய்ப்பு இப்போது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதையே எடுங்கள் என்பதுதான் என் கருத்து. நான் இந்த வேலையை விரும்பிச் செய்கிறவன், இருந்தாலும் முழுதாகக் கடலுக்கென்றே செய்த எஞ்சின் கைக்கு எட்டுகிற விலையில் வந்தால் கார் எஞ்சினுக்கு வேலை இல்லை.

எல்லாம் முடிந்து இறக்கும்போது முதல் மூன்று நாள் கரை தெரிகிற தூரத்திலேயே ஓட்டுங்கள், துணைக்கு ஒரு படகு இருக்கட்டும். முதல் பத்து மணி நேரம் முடிந்ததும் எஞ்சின் கட்டை போல்ட், ஷாஃப்ட் இணைப்பு, எல்லா ஹோஸ் கிளிப்பும் மறுபடி முறுக்க வேண்டும், ஒரு சுற்றாவது இறங்கும். ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் பேக்கிங் கயிறு நிமிடத்துக்கு இரண்டு மூன்று துளி சொட்டட்டும், ஒரேயடியாக இறுக்கி நிறுத்தினால் ஷாஃப்ட் தேயும். குழாயின் உள்வாய், வெளிவாய் இரண்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று நல்ல சூடாகவும் மற்றது கைபொறுக்கும் சூடாகவும் இருந்தால் தண்ணீர் சுற்றுகிறது. எக்ஸ்.டி.3.பி. கிடைத்தால் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் போல்ட் துளை அளவுகளை அளந்து இங்கேயே எழுதுங்கள், அடாப்டர் பிளேட்டின் வரைபடத்தை நான் போட்டுத் தருகிறேன்.